ஆடு தொடாத செடி

“மருங்காபுரிக் கரடு, பாறை இடுக்கு. 1959 ஆவணி. ஒரே ஒரு செடி.” கல்லூரியின் உலர்செடி அறையில் இருக்கும் அந்தத் தாளில் ஃபாதரின் சாய்வெழுத்து இன்னும் மங்கவில்லை. செடிதான் இல்லை, இருந்த இடத்தில் ஒரு கறுத்த கறை.

தாவரவியல் பேராசிரியரான அந்தப் பாதிரியாருக்கு, சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பெயர்ச்சீட்டு எழுதிக்கொடுத்தேன். பிழைப்பு வேறோர் அலுவலகத்தில், இது ஆசை. அந்த ஆவணியில் இருவரும் கரட்டுக்குப் போனோம். கல்லிமுளையான் எங்கும் இருந்தது: இலையற்ற மெல்லிய தண்டு, சிறு பூக்கள். ஆடு கடித்தாலும் துளிர்த்துவிடும். அதன் உறவுச்செடியோ ஒன்றே ஒன்று நின்றது: தடித்த தண்டு, நுனியில் பந்தாகக் கருஞ்சிவப்புப் பூ, அழுகிய இறைச்சியின் நாற்றம். அது அங்கே அழிந்துவிடவில்லை என்று நிரூபிக்க ஃபாதர் பல ஆண்டுகள் அலைந்திருந்தார். எங்கள் வழக்கப்படி நிரூபணம் என்றால் வேரோடு எடுத்துத் தாளில் ஒட்டுவது. நான்தான் பிடுங்கினேன்.

ஆடு மேய்த்த அம்மாள் சிரித்தார். “ஆடே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவுது. நீங்க விடமாட்டீங்க போலிருக்கே சாமி!”

ஃபாதர் சிரிக்கவில்லை.

சதைப்பற்றுள்ள செடியைக் கொதிநீரில் முக்கிக் கொன்ற பிறகே பலகைகளுக்கிடையே அழுத்த வேண்டும். கல்லிமுளையானை முக்கினேன், மற்றதை மறந்துவிட்டேன். சில வாரங்களில் அறையெங்கும் பிணவாடை. செத்த எலியைத் தேடி அலமாரிகளை நகர்த்தினோம். கடைசியில் பலகைக் கயிற்றை அவிழ்த்தால், செய்தித்தாள்களுக்கு நடுவே, இருட்டில், நீரின்றி, அது புதிதாகப் பூத்திருந்தது.

“இன்னும் சாகலைங்க ஃபாதர்.” வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

“சாகலைன்னா அது இங்க இருக்கக் கூடாது.”

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார். திரும்பியதும், தாமே எழுதியிருந்த அந்தச் சீட்டைச் செடியின் கறை படிந்த தாளில் ஒட்டி, அடியில் எழுதினார்: “எடுத்த இடத்திலேயே நட்டாயிற்று.”

அவர் மறைந்த பின், 1966 ஆவணியில், அந்த இடுக்குக்குப் போனேன். கல்லிமுளையான் முன்போலவே மண்டிக் கிடந்தது. மற்றது கண்ணில் படவில்லை. அதே அம்மாளிடம், ஃபாதர் வந்து நட்டாரா என்று கேட்டேன்.

“வந்தாரு. ரொம்ப நேரம் குந்தியிருந்தாரு. நட்டத நான் பாக்கலைங்க. ஆனா ஆவணி பொறந்தா இங்க அந்த நாத்தம் வருது. செடியத்தான் காணோம்.”

காற்று திரும்பியது. எனக்கும் அந்த நாற்றம் வந்தது. இருட்டும்வரை பாறை பாறையாகத் தேடினேன்.

இப்போது இரண்டு தாள்களும் என் முன்னே இருக்கின்றன. ஏராளமாக வளரும் செடி பழுப்பேறி, ஒழுங்காகச் செத்திருக்கிறது. ஒன்றே ஒன்றாக நின்றதற்குக் கறை மட்டும். “நட்டாயிற்று” என்பதற்கு அவர் கையெழுத்தைத் தவிர வேறு சான்று இல்லை. அந்தக் கரட்டில் அது பிழைத்திருக்கிறதா, என் கையோடு அற்றுப்போனதா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.