ஆளுக்குக் கொஞ்சம் ஆயில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கொள்ளிடத்தின் நடுவில் ஒரு படகு. அதில் நான், என் மனைவி வசந்தா, நண்பர் சலீம் பாய் — மூன்று பேர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

நின்றால் என்ன, துடுப்புப் போட வேண்டியதுதானே என்கிறீர்களா? துடுப்பு, நாங்கள் புறப்பட்ட மேலூர்க் கரையில் பத்திரமாக இருந்தது. மோட்டார் இருக்கும்போது அது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று பாய்தான் எடுத்து வைத்தார். தண்ணீர் எங்களைக் கிழக்கே இழுத்தது. கிழக்கே பாலம். பாலத்தை ஒட்டித் தடுப்பணை. அதன் மேல் தண்ணீர் வழிந்து விழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

எனக்கும் வசந்தாவுக்கும் நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம்தான். ஆனால், அந்த உயரத்திலிருந்து கல்லில் விழுந்தால் ஜாக்கெட் என்ன செய்யும்?

பாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலக்கரையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஷார்ஜாவிலிருந்து திரும்பியவர். அவர் மகளுக்கு ஸ்கூலில் வசந்தா டீச்சர், அப்படித்தான் பழக்கம். காயலான் கடையில் இந்தப் பழைய படகு மோட்டாரைப் பார்த்து, மயங்கி, வாங்கி, ஒரு படகிலும் பொருத்திவிட்டார். அதற்கு என் வயசு இருக்கும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பழைய மொபெட் ஓட்டியவர்களுக்குத் தெரியும் — பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் இன்ஜின் ஜாம். கூடினால் பிளக் அடைத்துக்கொள்ளும். சரி, எவ்வளவு கலப்பது? மொபெட் மெக்கானிக் லிட்டருக்கு இருபது மில்லி என்றார். நாகப்பட்டினத்து மீனவ நண்பர் அது போதவே போதாது என்றார். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் இரண்டுமே தப்பு என்றார். கடைசியில் துருவைச் சுரண்டியபோது மோட்டாரிலேயே ஒரு தகடு! இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். பாய் அதை ஊசி போடுகிற சிரிஞ்சில் அளந்து கலந்தார். வெள்ளோட்டம்தானே என்று பாதி டாங்க் மட்டும் நிரப்பினார்.

அந்த டாங்க்தான் இப்போது எங்களை நட்டாற்றில் நிறுத்தியிருந்தது.

பாய் கயிற்றை இழுத்தார். இழுத்தார்... இழுத்துக்கொண்டே இருந்தார். ம்ஹூம். பாலத்தில் போகிற பஸ்ஸின் ஜன்னல்கள் தெளிவாகத் தெரிந்தன. வசந்தா ரங்கநாதரைக் கூப்பிடத் தொடங்கினாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பாய் ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினார். அது தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. விழவில்லை. வெளியே வந்த பிளக்கிலிருந்து கறுப்பாக எண்ணெய் சொட்டியது.

"இவ்வளவு ஆயில் எப்படி வந்துச்சு? அளந்துல்ல ஊத்துனேன்?"

வசந்தா மெதுவாகச் சொன்னாள். "நான்தான் பாய் கொஞ்சம் ஊத்துனேன். ஆயில் இல்லாம என் மொபெட் ஒருதடவ நடுரோட்டுல நின்னுபோச்சு. அந்த பயம்."

எனக்கு வந்ததே கோபம்! உன்னை யார் கேட்டார்கள் என்று கத்திவிட்டேன். கத்தி முடித்தபோதுதான், படகு ஏறுவதற்கு முன் நான் செய்த காரியம் ஞாபகம் வந்தது. பழைய இன்ஜின், பாவம், வறண்டுவிடக் கூடாதே என்று நானும் அதே ஆயில் டப்பாவைச் சாய்த்திருந்தேன். தாராளமாகவே சாய்த்திருந்தேன். சொன்னேன். வசந்தா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"மனசு கேக்கல சார். கரைக்கு வந்தப்புறம் நானும் கொஞ்சம் ஊத்துனேன்."

நல்லவேளை, பிளக் கழுவுவதற்கென்று ஒரு கேனில் வெறும் பெட்ரோல் கொண்டுவந்திருந்தார். அதில் பிளக்கைக் கழுவி, என் வேட்டி நுனியில் துடைத்து மாட்டினார். மிச்சப் பெட்ரோலை டாங்கில் ஊற்றினார். தடுப்பணையின் விளிம்பில் நுரை தெரிந்தது. வசந்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. பாய் 'பிஸ்மில்லா' என்று கயிற்றை இழுத்தார். புகை... ஒரு உதறல்... அப்புறம் அந்தப் புண்ணியவான் மோட்டாரின் சத்தம்! படகு திரும்பியது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

நம் வீடுகளில் இதுதானே நடக்கிறது? ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஆளாளுக்கு ஒரு மாத்திரை. குழந்தை அழுதால் ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டல். எல்லாம் நல்லெண்ணம்தான். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்குத்தான் நமக்கு வாய் வராது.

மதியம் பாய்க்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ரசத்தில் உப்பே இல்லை. நான் போட்டிருப்பேன் என்று வசந்தா இருந்திருக்கிறாள்; அவள் போட்டிருப்பாள் என்று நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உப்பு ஜாடிக்குக் கை நீட்டினோம்.

பாய் பதறி எழுந்துவிட்டார். "டீச்சர்... யாராவது ஒருத்தர் மட்டும் போடுங்க!"