வைக்கோலில் ஓடிய வேன்

ஜெய்னுலாபுதீன் குவைத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். எண்ணெய்க் கிணறுகளின் புகைக்குக் கீழேயே காலம் கழித்தவருக்கு, வண்டி என்றால் பூமிக்கடியிலிருந்து எடுக்கிற எண்ணெயில்தான் ஓடும் என்பதில் சந்தேகமே வந்ததில்லை. ஊருக்குத் திரும்பித் திருக்காட்டுப்பள்ளியில் பட்டறை போட்ட பிறகும் அப்படித்தான்.

ஓர் ஆடி மாதம் பிரகதீஸ்வரி அந்தப் பட்டறைக்கு வந்தார். தஞ்சாவூரில் பொறியியல் கல்லூரி ஆசிரியை. அரசு மானியத்தில் ஒரு திட்டம் கிடைத்திருந்தது. மழையில் வீணாகும் வைக்கோலைச் சாணத்தோடு மூடிய தொட்டியில் ஊறவைக்க வேண்டும். அதில் வரும் வாயுவைச் சுத்தம் செய்து சிலிண்டரில் அடைத்து, பள்ளிக்கூட வேனை ஓட்ட வேண்டும்.

"பாய், வேனை கேஸுக்கு மாத்தித் தரணும். தொட்டி வேலையையும் கூட இருந்து பாத்துக்கணும்."

"செஞ்சு தர்றேன் மேடம். வைக்கோல்ல வண்டி ஓடும்னு மட்டும் என்னை நம்பச் சொல்லாதீங்க."

"நம்ப வேணாம். வேலைய சரியா செஞ்சு குடுங்க, போதும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

ஆற்றங்கரையில் பத்து மா நிலம் வைத்திருந்த துரைராசு தன் களத்தின் ஓரத்தில் தொட்டிக்கு இடம் கொடுத்தார். குறுவை அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டதில் அவருடைய வைக்கோல் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. அதைத்தான் தொட்டியில் போட்டார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை. மார்கழியில் மானியக்காரர்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. வேன் ஓடவில்லையென்றால் தொட்டியைக் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"மாடே மோந்து பாக்காதத இந்தத் தொட்டி மட்டும் திங்குமா பாய்?" என்றார் துரைராசு.

மறுநாள் காலை பிரகதீஸ்வரியை வைத்துக்கொண்டு ஜெய்னுலாபுதீன் மூடியைக் கழற்றினார். வைக்கோல் மொத்தமும் மேலே மிதந்து, பாய் விரித்தாற்போல் இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தினார். கீழேயிருந்து குமிழிகள் பொங்கி வந்தன.

"மேடம், சாணி கீழ பசியோட கெடக்கு. சோறு மேலயே மெதக்குது. கிண்டி விட்டா போதும்."

துரைராசுவின் கொட்டகையில், சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஜெய்னுலாபுதீன் அதன் இரும்புப் பட்டைகளை அறுத்து ஒரு தண்டில் வெல்டிங் வைத்தார். அதைத் தொட்டிக்குள் இறக்கி, வாயு கசியாதபடி லாரி சக்கரத்து ஆயில் சீல் ஒன்றைப் பொருத்தி, வெளியே நின்று சுற்றுவதற்குக் கைப்பிடி போட்டார். வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் போடச் சொன்னார் பிரகதீஸ்வரி. காலையும் மாலையும் துரைராசுவே சுற்றினார்.

பன்னிரண்டாம் நாள் முள் அசைந்தது. கண்ணாடியில் கோளாறோ என்று ஜெய்னுலாபுதீன் விரலால் தட்டிப் பார்த்தார். முள் இறங்கவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் சிலிண்டர் நிரம்பியது. முன்பே கேஸுக்கு மாற்றி வைத்திருந்த வேனில் அவரே ஏறிச் சாவியைத் திருகினார். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் முறை இன்ஜின் பிடித்துக்கொண்டது. இறங்கிப் பின்னால் போய்ச் சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தார். கரி ஒட்டவில்லை. வெதுவெதுப்பாக நீர்த்துளிகள்தான் படிந்தன. ஆயிரக்கணக்கான இன்ஜின்களைப் பிரித்துக் கோத்த கை அது. அன்றைக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுபஹானல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் மனைவி கமருன்னிஸாவை ஏற்றிக்கொண்டு கரையோரச் சாலையில் வேனை விட்டார். இரண்டு பக்கமும் சம்பா பயிர் பச்சைப்பசேலென்று நின்றது.

"வண்டி வாசனையே இல்லாம போவுதே. எந்த பங்க்ல போட்டீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "துரைராசு வயல்ல. ஐப்பசியில அறுத்தாங்கள்ல, அதுதான் நம்மள இழுத்துக்கிட்டுப் போவுது."

கமருன்னிஸா சிரித்தார். கணவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சாலை ஊருக்குள் திரும்பும்வரை இருவரும் வயலையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

மார்கழியில் வந்தவர்கள் வேனிலேயே திருவையாறு வரை போய் வந்தார்கள். திட்டம் நீடித்தது, இன்னொரு தொட்டியும் வந்தது. இப்போது முப்பத்தொரு பிள்ளைகள் அந்த வேனில் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஜெய்னுலாபுதீன் இன்னமும் டீசல் வண்டிகளைப் பழுது பார்க்கிறார். ஆனால் அறுவடைக் காலத்தில் பட்டறைப் பக்கமாக வைக்கோல் பாரம் போனால், கையில் பிடித்த ஸ்பேனரோடு வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறார்.