அவருடைய மாத்திரை

என் கணவருக்கு ஒரு நாள் காலையில் முகம் மழிக்கும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ரத்த அழுத்தம் ஏறிப்போய் வந்த பக்கவாதம் என்றார்கள். நல்ல வேளை, லேசானது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கையில்தான் இன்னும் பிடிமானம் குறைவு.

அன்றிலிருந்து நான் காவல்காரியானேன். ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை. விடியுமுன் எழுந்து உப்புக் குறைத்து ஒரு குழம்பு வைத்து, அவருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, ஊறுகாய் ஜாடியை உயரத்தில் ஏற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவேன். “நாக்கைக் கட்டத் தெரியாமல்தான் இவருக்கு இது வந்தது” என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

திருநெல்வேலியில் டாக்டரிடம் அவரைக் காட்டப் போயிருந்த ஒரு நாள், கூட்டம் குறைவாக இருந்தது. அவர் கையிலிருந்து அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கழற்றிய நர்ஸ் என்னைப் பார்த்து, “நீங்களும் இங்கன உக்காருங்கக்கா, பாத்துருவோம்” என்றாள். அவர் மருந்து வாங்க வெளியே போய்விட்டார். பட்டை கையை இறுக்கியது. அவள் இரண்டாம் முறையும் அழுத்திப் பார்த்தாள்.

“நூத்தி எழுவது இருக்கு. தலை வலிக்கா?”

“ஒண்ணும் இல்லையே.”

“இருக்காதுக்கா. இது சொல்லிட்டு வராது. அடுத்த வாரம் வாங்க, மறுபடி பாத்துட்டு டாக்டர் மருந்து எழுதுவாங்க.”

நான் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவரை அத்தனை பேச்சுப் பேசிய எனக்கே வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? வகுப்பில் நிற்கும்போதும், அரிசி களையும்போதும் கழுத்து நரம்பு துடிப்பது காதுக்குக் கேட்டது. பயத்தில் கேட்டதோ என்னவோ. கடைசியில் அவருடைய மாத்திரை அட்டையிலிருந்தே தினம் ஒன்றைக் கிழித்து விழுங்க ஆரம்பித்தேன். அவர் மருந்துச் சீட்டைக் காட்டிக் கூடுதலாக வாங்கிக்கொள்வேன். அதுவும் பிரஷர் மாத்திரை, எனக்கும் பிரஷர்தானே என்று நினைத்தேன்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. அவருக்குக் குணமானால் திருச்செந்தூருக்குக் கூட்டி வருவதாக நேர்ந்திருந்தேன். போனோம். மாத்திரை போட்டதோடு சரி, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. வரிசைக்குக் கட்டியிருந்த கம்பிகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம். முன்னாலும் பின்னாலும் ஆட்கள். திரும்பிப் போக வழியில்லை. ஒரு கட்டத்தில் எதிரே இருந்தவர்களின் தலைகள் மங்கின. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, கண்ணு இருட்டிக்கிட்டு வருது.”

“பசியாத்தான் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம்.”

“பசி இல்ல. நான் உங்க மாத்திரையப் போட்டுருக்கேன்.”

“எம் மாத்திரைய நீ எதுக்குட்டி போட்ட?”

“எனக்கும் பிரஷர் இருக்கு. மூணு மாசமாச்சி.”

அவர் வலது கையால் என்னைத் தாங்கிக்கொண்டு, காவலுக்கு நின்றவரைப் பார்த்து, “அண்ணாச்சி, இதக் கொஞ்சம் தொறந்து விடுங்க” என்று கத்தினார். கம்பிக் கதவைத் திறந்து என்னை வெளியே படுக்க வைத்தார்கள். முதலுதவிக்கு வந்தவர் அளந்து பார்த்துவிட்டு, அழுத்தம் ரொம்ப இறங்கிவிட்டது என்றார். சாமி பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

மறுநாள் டாக்டர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“அவருக்கு எழுதினதுல நீர் பிரியுத மருந்தும் சேர்ந்திருக்கும்மா. அது அவருக்கு உள்ள அளவு. ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் போடக் கூடாது.”

“அப்ப நிறுத்திரட்டுமா?”

“அத நிறுத்துங்க. உங்களுக்குன்னு தனியா எழுதுதேன். அத நீங்களா நிறுத்திராதீங்க.”

இப்போது எனக்குத் தனி அட்டை இருக்கிறது. அழுத்தம் பைய இறங்கி வருகிறது. மாத்திரை போட்டாயா என்று அவர் தினமும் அடுத்த அறையிலிருந்து கேட்கிறார். பாசத்தில் கேட்கிறார் என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. நான் காவல் காத்த இரண்டு வருஷமும் அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாய்க்கால் கரையோரம் நடக்கிறேன். எந்த வேலையும் சுமக்காமல் வீட்டைவிட்டு வெளியே இருக்கும் நேரம் எனக்கு அது ஒன்றுதான். அவரும் கூட வருகிறார். தனியாகப் போக ஆசையாக இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.