மூன்றாவது கேள்வி

2003ஆம் ஆண்டின் தொடக்கம். மாரி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சண்டை நின்றதை நம்பி, முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் தண்ணீரூற்றில் இருக்கும் எங்கள் சொந்த வளவுக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டுமே மிச்சம். அதற்கு அருகில் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு நானும் கணவரும் எங்கள் ஒரே மகளும் இருந்தோம். வீடு கட்டவென்று கிணற்றடியில் மணல் பறித்துக் குவித்து வைத்திருந்தோம்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. இன்னும் சரியாகச் சொன்னால், நான் அனுப்பாத பிள்ளை. இடம்பெயர்ந்த ஊரிலெல்லாம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துத்தான் பார்த்தோம். ஓரிடத்தில் மூன்றாம் ஆண்டு. அடுத்த இடத்தில் பழைய பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் இல்லையென்று மறுபடி இரண்டாம் ஆண்டு. கடைசியாகப் போன இடத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினார்கள். அதுகள் இவளைக் 'கிழவி' என்று கூப்பிட, காலையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கண்டாலே சத்தி, வாந்தி என்று எடுக்கத் தொடங்கினாள். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூட. உயர்தர வகுப்பு வரை படித்த எனக்கு என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா என்று சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கணவர் "நீயே பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

பக்கத்து வளவு அக்கா அப்படி விடவில்லை. அவர்கள் முஸ்லிம் குடும்பம். புத்தளத்தில் பல வருடம் அகதியாக இருந்துவிட்டு, எங்களைப் போலவே அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்கள். தண்ணீர் அள்ள எங்கள் கிணற்றுக்குத்தான் வருவார். வாளியை உள்ளே விடும்போதெல்லாம் என்னையும் ஒரு பிடி பிடிப்பார்.

"பிள்ளையை வீட்டிலை வச்சு ஊறுகாய் போடப்போறியே தங்கச்சி? கொண்டுபோய்ச் சேர்."

"அங்கை நாலு சுவருக்குள்ளை குந்தியிருப்பாள் அக்கா. இஞ்சை எண்டால் உலகத்தைப் படிப்பாள்" என்பேன். வாய்க்கு என்னிடம் எப்போதும் குறைவில்லை.

எங்கள் வீட்டுப் பாடம் இப்படித்தான் நடக்கும். காலையில் அவள் வளவுக்குள் சுற்றி ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். நத்தை ஓடு, குளவிக்கூடு, துருப்பிடித்த பூட்டு, எதுவானாலும் சரி. அதைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்க வேண்டும். மூன்றுக்கும் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை பொருளைக் கீழே வைக்கக் கூடாது. கையில் இருந்தால்தான் மனமும் அதில் நிற்கும் என்பது என் கண்டுபிடிப்பு. எனக்கும் ஒரு சட்டம் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். சில நாள் வேண்டுமென்றே பொருளைப் பறிக்கப் போவேன். அவள் சிரித்துச் சிரித்து அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடுவாள். இப்படியே கணக்கும் வாசிப்பும் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று காலை ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அவள் குரல் கேட்டது.

"அம்மா, இண்டைக்கு என்ன கொண்டு வந்தனான், சொல்லுங்கோ பாப்பம்!"

மாக் கையோடு வெளியே வந்தேன். மணல் கும்பிக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கைக்குள்ளும் வட்டமாக ஏதோ ஒன்று. சப்பாத்துக்குப் பூசும் பொலிஷ் தகரப் பேணி அளவுதான் இருக்கும். அதன் மேலிருந்த சேற்றைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதே வடிவத்தைக் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில், மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே பார்த்திருக்கிறேன். மிதிவெடி.

கத்தினால் திடுக்கிட்டுப் போட்டுவிடுவாள். ஓடிப் போனால், பறிக்க வருகிறேன் என்று நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடுவாள். 'கீழே வை' என்றால் வைக்கவும் மாட்டாள், இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே. நான் போட்ட சட்டமே அந்தச் சாமானை என் பிள்ளையின் கையோடு ஒட்டி வைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக் கடவையால் அக்கா வாளியோடு வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பிள்ளையின் கையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். வாளி விழுந்து சத்தம் கேட்டுவிடுமோ என்று எனக்குப் பதறியது. அவர் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

"முதலாவது கேள்வி" என்றாள் மகள். "இது என்ன?"

பொலிஷ் பேணி என்று பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பேணி என்றால் மூடியைத் திறந்து பார்க்காமல் விடமாட்டாளே. தினமும் பாடம் சொல்கிற அதே குரலில் பேசினேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அது வெடிக்கிற சாமான், பிள்ளை. பெருவிரலை மேலையிருந்து எடு. பக்கத்தாலை மட்டும் பிடி."

சிரிப்பு நின்றது. பெருவிரல் மெதுவாக விலகியது. ஆனால் கேள்வி நிற்கவில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஓங்கி ஒரு அறை கொடுக்க வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது. எதையும் ஏன், எப்படி என்று கேள் என்று பழக்கியவள் நான்தானே, யாரை அறைவது?

"சங்கக்கடையிலை படம் பாத்தனான். அதுதானோ எண்டு வடிவாத் தெரியாது. தெரியாதபடியால்தான் அம்மாக்குப் பயமாக் கிடக்கு."

எனக்குப் பயம் என்று அவளிடம் அதற்கு முன் நான் சொன்னதே இல்லை. எத்தனையோ ஷெல்லடிக்குள்ளும் சொன்னதில்லை. அவள் கீழுதடு துடித்தது. கையும் நடுங்கத் தொடங்கியது. போய்விட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணீர் கன்னத்தால் வழிய, அவள் தன் மூன்றாவது கேள்வியைக் கேட்டாள்.

"அம்மா, இதை எப்பிடிக் கீழை வைக்கிறது?"

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதைப் படிக்கவில்லை.

"தெரியாது பிள்ளை. ரெண்டு பேருமா யோசிப்பம். கோழியை அடைக்கு வைக்கேக்கை முட்டையை எப்பிடி வச்சனி?"

போன கிழமைதான் வைத்திருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள்.

"குந்தியிருந்து... உருளாத மாதிரிப் பள்ளமாப் பாத்து... ஒவ்வொரு விரலா எடுத்தனான்."

"அப்பிடித்தான். மணலுக்கை வை."

குந்தினாள். மழையில் நனைந்த மணலில் ஒரு பள்ளத்தைக் கண்ணாலேயே தேடினாள். கையைத் தாழ்த்தினாள். ஒரு விரல் விட்டது. அடுத்தது. அவள் விரல்களைப் பிறந்த அன்று எண்ணிப் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசி விரலும் விட்டது.

"இப்ப எழும்பி என்னைப் பாத்து நட. ஓடாதை."

ஏன் ஓடக் கூடாது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். மூன்று கேள்வியும் முடிந்துவிட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நடந்து வந்தாள்.

அவளை அள்ளி எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போனேன். பின்னால் வந்த அக்காவின் கையிலிருந்து வாளி அங்கே வந்துதான் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டோம். பிள்ளையின் தலையெல்லாம் என் ரொட்டி மா.

அக்காவின் கணவர் சைக்கிளில் போய் மிதிவெடி அகற்றுபவர்களைக் கூட்டிவந்தார். பின்னேரம் எல்லோரையும் தூரத்தில் நிறுத்திவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். மணல் எங்கள் தகரக் கூரையில் மழை மாதிரிக் கொட்டியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு என் வயிற்றோடு ஒட்டி நின்றாள். அவள் அதை எடுத்த, மழை அரித்த பின்வேலி வாய்க்காலில் இன்னும் இரண்டு கிடந்தனவாம். வந்தவர்கள்தான் சொன்னார்கள்.

"என்ர மகனுக்கு இது தெரியும்" என்றார் அக்கா. "பள்ளிக்கூடத்திலை நாடகம் போட்டுக் காட்டினவை. கண்டால் தொடாதை, வந்து சொல்லு எண்டு. ஊரிலை இவள் ஒருத்திதான் பாக்கேல்லை."

ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என் தோளில் கையை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னதால் எனக்கு அழுகைதான் வந்தது.

பிறகு நடந்தது முழுக்க மகளின் முடிவு. நாடகத்தைப் பற்றி அந்தப் பையனிடம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அங்கை கேள்வி கேக்க விடுவினமோ அம்மா?"

"தெரியாது."

"அப்ப போய்த்தான் பாக்கவேணும்."

பெட்டிக்குள் இருந்த வெள்ளைச் சட்டை அவளுக்கு உயரம் காணாமல் கட்டையாகிப் போயிருந்தது. கரையைப் பிரித்து விட்டுத் தைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் அவளுக்கு உடனே இனிக்கவில்லை, ஆனாலும் போனாள். காலைப் பாடத்தையும் நாங்கள் கைவிடவில்லை. சட்டம் மட்டும் மாறியது. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும்; அவள் வந்து என்னைக் கூட்டிப் போவாள்; இருவரும் எட்ட நின்று கேள்வி கேட்போம்.

அந்த நாட்களில் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று இப்போதும் சொந்தக்காரர் என்னைக் கிண்டல் செய்வதுண்டு. பெருமை பேச என் வாய் முன்போல வருவதில்லை. தெரியாது என்று சொல்ல மட்டும் வெட்கமே இல்லை. வளர்ந்துவிட்ட என் மகள் காலையில் இரண்டு கையையும் தூக்கித் தலை பின்னும்போது, செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு, அவள் பின்னி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.