வல்லாரை பறிக்கப் போன மலை

சித்திரை மழை கொஞ்சம் பெய்தால் போதும், அலவத்துகொடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவு ஊதாவாகிவிடும். போவிட்டியாச் செடிகள் பூவும் பழமுமாக நிற்கும். பழத்தைத் தின்றால் நாக்கும் ஊதாதான். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், வல்லாரை பறிக்கவென்று உம்மா என்னை அந்த மலைக்குக் கூட்டிப் போனார்.

மேலே சாச்சி குனிந்து கீரை பறித்துக்கொண்டிருந்தார். கூடவே என் வயதில் அவருடைய மகள். உம்மாவும் அவருடைய தங்கையான இந்தச் சாச்சியும் நோன்புப் பெருநாளிலிருந்து பேசிக்கொள்வதில்லை. ஏனென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உம்மா திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ சற்றுத் தள்ளிக் குந்திக்கொண்டு பறிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கீரை ஒடிகிற சத்தம்தான். பிறகு சாச்சி என்னைப் பார்த்து, "மகள், ஒங்கட உம்மாட்ட செல்லுங்க, அந்தப் பக்கத்து எல முத்திப் போய் ஈக்கி" என்றார்.

நான் ஓடிப்போய் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"முத்தின எலதான் சம்பலுக்கு நல்லம் எண்டு செல்லு" என்றார் உம்மா.

இப்படியே சேதி போனது, வந்தது. வாப்பாவின் இருமல், சாச்சி வீட்டு அடைகோழி, கூப்பன் கடைக்குச் சீனி வந்திருப்பது. எனக்கு ஒரே பெருமை. இவ்வளவு பெரிய வேலையை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை. சாச்சியின் மகளோ சேதியைப் பாதியில் விட்டுவிட்டுப் பழம் தின்னப் போய்விடுவாள்.

திடீரென்று உம்மா கத்தினார்: "அடியே, கழுத்துல அட்ட!"

நேராகச் சாச்சியிடம். பாய்ந்து போய் அட்டையைப் பிய்த்தெறிந்து, முந்தானையால் இரத்தத்தைத் துடைத்தார். சாச்சி அசையவில்லை. கழுத்தைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"இன்னம் ஈக்கா எண்டு பாருங்க ராத்தா."

இல்லாத அட்டையை உம்மா வெகுநேரம் தேடினார். அப்புறம் இருவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். ஒரே செடியில் ஆளுக்கொரு பக்கமாகப் பழம் பிடுங்கித் தின்று, சின்னப் பிள்ளைகள் மாதிரி நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். என் வேலை போய்விட்டதே என்று எனக்குத்தான் அழுகை முட்டியது.

நாலு பேருமாக இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தோம். கிணற்றடியில் வல்லாரை கால் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடந்தது. காலையில் அதைத் தாண்டித்தான் உம்மா மலையேறினார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. சாச்சி வீட்டுக் கிணற்றடியிலும் அப்படித்தான் என்பதும்.