நீஸ் நகரில் ஒரு நண்டுக் கறி

வெள்ளிக்கிழமை காலை பாரிஸில் ரயில் ஏறினோம். நீஸ் நகரம் வரை தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஆளுக்கு எண்பத்தைந்து யூரோ. சிட்னியிலிருந்து ஒரு கலியாணத்துக்கென்று பாரிஸ் வந்தவர்கள் நாங்கள். திரும்பும் விமானத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. "கடல் பாத்திட்டுப் போவம்" என்றாள் என் மனைவி வதனி. சிட்னியில், எங்கள் டூங்கபி வீட்டில் இருக்கும்போது கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் அவள்.

அவள் பார்க்க விரும்பியது கடலை அல்ல என்பது எனக்குத் தெரியும். அவளுடைய ஒரே தம்பி ரவி நீஸில் இருக்கிறான். பதினொரு வருடங்களுக்கு முன் கிளேர் என்ற பிரெஞ்சுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, பிறகுதான் அக்காவுக்குச் சொன்னான். அன்றோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். என் பிறந்தநாளுக்கு மட்டும் அவனிடமிருந்து வாழ்த்து வரும். நாங்கள் வருவதை நான்தான் அவனுக்குத் தெரிவித்தேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரும்படி உடனே பதில் போட்டான்.

நீஸின் கடல் நீலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கரையில் சொல்லலாம். மணலே இல்லை, முழுக்க முழுக்கக் கூழாங்கல். அதன்மேல் உலகத்துச் சனமெல்லாம் துவாயை விரித்துப் பரவசமாகப் படுத்துக் கிடக்கிறது. தனியார் கரைகளில் ஒரு சாய்கட்டிலுக்கு முப்பது யூரோ. சிட்னியின் பொண்டாய் கடற்கரையில் சும்மா கிடைக்கும் மணலை இத்தனை காலம் நான் மதிக்காமல் இருந்துவிட்டேன்.

கடலோரமாக ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு உலாவும் சாலை ஒன்று போகிறது. அதில் நகரசபை போட்டிருக்கும் நீலக் கதிரைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆளுக்கு ஒன்றைப் பிடித்து உட்கார்ந்துகொண்டோம்.

"இந்த முறை சரிவராட்டி இனி நான் வரமாட்டன்" என்றாள் வதனி. "எனக்கு இருக்கிறது ஒரு தம்பி."

சனிக்கிழமை ட்ராமில் போனோம். இந்த ஊரில் நண்பகலுக்கு ஒரு வெடி போடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தை ஊருக்கு நினைவூட்ட யாரோ தொடங்கி வைத்த வழக்கமாம். அது கேட்டபோது நாங்கள் ரவியின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தோம். நண்டுக் கறி வாசம் இரண்டு மாடி இறங்கி வந்து எங்களை வரவேற்றது.

கதவைத் திறந்தது கிளேர். ரவி பழைய நகரத்தில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். கோடை காலத்தில் லீவு கேட்க முடியாது, மூன்று மணிக்குத்தான் வருவான். கிளேர் எங்கள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். நான் விறைத்துப்போய் நின்றேன். சாப்பாடு தயார், சாப்பிடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ நோ, இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்று வதனியும் ஆங்கிலத்தில் சொன்னாள். சிரமப்பட வேண்டாம் என்று நானும் ஒத்தூதினேன்.

இது எங்கள் ஆட்களின் ஒழுங்கு. முதல்முறை கேட்டால் வேண்டாம். இரண்டாம் முறையும் வேண்டாம். மூன்றாம் முறை "சரி, கொஞ்சம் போடுங்கோ" என்போம், கோப்பை நிறையச் சோறு விழும். கேட்கிறவருக்கும் இது தெரியும். கிளேர் ஒரு முறைதான் கேட்டாள். "ஓகே" என்றவள் முகம் வாடியது. அடுப்பை அணைத்தாள். ஒரு கிண்ணத்தில் ஒலிவ் காய்களைக் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் நண்டை மோந்துகொண்டு ஒலிவ் காய் கொறித்தோம்.

ரவி களைத்துப்போய் வந்தான். "சாப்பிட்டியளோ அக்கா?"

"ஓம், வயிறு நிறைஞ்சிட்டுது."

அவன் நம்பிவிட்டான். அக்காவும் தம்பியும் அதற்குமேல் சிட்னியின் வெயிலைப் பற்றியும் பாரிஸின் மழையைப் பற்றியும் பேசினார்கள். அரை மணி நேரத்தில் எழும்பிவிட்டோம்.

பழைய நகரத்துச் சந்தில் கடலை மாவில் சுட்ட தோசை மாதிரி ஒன்று விற்றார்கள். நான்கு யூரோ. நின்றபடியே தின்றோம். வதனி அழுதாள்.

"தம்பி வீட்டில எனக்கு ஒரு பிடி சோறு இல்லை. அவளுக்கு என்னைப் பிடிக்கேல்லை."

"நீர்தானே வேண்டாமெண்டனீர்?"

"வேண்டாமெண்டா விட்டிடுறதோ?"

ஞாயிறு காலை ஹோட்டலில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரவி எனக்கு போன் எடுத்தான்.

"அத்தான், நேற்று உண்மையாவே சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?"

"இல்லையடா."

"அவ ரெண்டு நாள் நிண்டு சமைச்சவ. என்னைத் தொடவும் விடேல்லை. நீங்கள் போனாப்பிறகு ஒரே அழுகை. தன்ர கையால சாப்பிட அக்காவுக்கு மனமில்லையாம்."

அப்படியே வதனியிடம் சொன்னேன். கையில் இருந்த சேலையை மடிக்காமல் அப்படியே பெட்டிக்குள் போட்டாள். "வெளிக்கிடுங்கோ" என்றாள்.

ரயிலுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. பெட்டிகளோடு ட்ராமில் ஏறினோம். மாடிப்படியில் பெட்டிகளை ரவி வந்து தூக்கினான். கிளேர் வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

சொந்தக்காரர் வீட்டில்கூடப் பசி என்று வாய்விட்டுச் சொல்லாதவள் வதனி. அவள் கிளேரின் கையைப் பிடித்தாள். "ஐ ஆம் ஹங்கிரி" என்றாள்.

கிளேர் ரவியைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் ஓடினாள். கறியைச் சூடாக்கும்வரை வதனி மேசையில் வெறும் கோப்பையின் முன்னால் சின்னப்பிள்ளை போல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நண்டுக் காலைக் கடிக்கும்போது கண்ணைத் துடைத்தாள். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

நீஸில் பார்க்க வேண்டியவை என்று எல்லோரும் சொல்லும் கோட்டைக் குன்றையும் அருங்காட்சியகங்களையும் நாங்கள் பார்க்கவில்லை. ஆகவே அவற்றைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

ரயில் புறப்பட்டு ஐந்து நிமிடம் இருக்கும். வதனி என் போனை வாங்கி ரவிக்கு எடுத்தாள்.

"தம்பி, கறிக்கு உப்புக் கூடிப்போச்சு. அவவுக்குச் சொல்லிப்போடாதை."

மறுமுனையில் அவன் சிரித்தது எனக்கும் கேட்டது. அந்தப் பாதையில் சுரங்கங்கள் அதிகம். ஒவ்வொன்றிலும் அழைப்பு அறுந்தது. ஒவ்வொரு முறையும் வதனியே திரும்ப எடுத்தாள்.