ஸ்துதியும் ஓகுனும்

மிஷனரி ஊழியத்துக்குக் கம்போடியா போவதென்று முடிவானதும், கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் நானும் மனைவியும் மகளும் போனுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த நாட்டு மொழியைப் படிக்கத் தொடங்கினோம். அங்கிருந்தே ஒரு டீச்சர் சொல்லித் தந்தார். அவர்கள் மொழியில் நன்றிக்கு ‘ஓகுன்’. என் மனைவிக்கோ, தமிழ் தெரியாத ஆளைக் கண்டாலே வாயில் சிங்களம்தான் வரும். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் சிங்களத்தில் “ஸ்துதி” என்று நன்றி சொல்லுவாள்.

“ஸ்துதி எல்லாம் கர்த்தருக்கு. டீச்சருக்கு ஓகுன்!” என்று எரிந்து விழுந்தேன்.

“அப்ப நீங்களும் மகளும் போங்கோ. அங்க வந்து ஊமை மாதிரி நிக்க எனக்கு ஏலாது,” என்று அழுதாள்.

புறப்படுவதற்கு முந்திய வாரம், கொண்டுபோகக் கொத்தமல்லி வாங்கச் சந்திக் கடைக்குப் போனோம். அவள் வருடக்கணக்காகச் சிங்களத்தில் கதைத்துப் பழகிய முதலாளி பையை நீட்டினார்.

“ஓகுன்,” என்றாள் இவள்.

“மொகத அக்கே?” இவள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் அவர் விழித்தார்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், கண் கலங்கி என் கையைப் பிடித்தாள்.

“இனிப் போகலாமப்பா.”